வடிவமைப்புச் சுமை

வின்ட்சரிலிருந்து அமெரிக்கா போக
வடக்கே ஓட்ட வேண்டும்.
புதிதாய் வருபவர்கள் நம்பமாட்டார்கள்.
அலுவலக ஜன்னலருகே கூட்டிப்போய்க் காட்டுவேன்:
அதோ டெட்ராய்ட்.
நடுவில் ஆறு, ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

நேற்றிரவு இரு கரையிலும்
ஒரே மேகம் கொட்டிய பனி.
இந்தக் கரைக் கூரையில் அது கிலோபாஸ்கல்.
அந்தக் கரையில் சதுர அடிக்கு இத்தனை பவுண்டு.
இருபது புள்ளி எட்டு எட்டு ஐந்தால் பெருக்கினால்
பனி எல்லையைக் கடந்துவிடும்.
என்னைப் பெருக்க அப்படி ஓர் எண் இல்லை.

ஒன்டாரியோவில் நான் பொறியாளர்.
என் முத்திரை விழுந்தால் கிரேன் நகரும்.
பாலத்தின் நடுவே, இரண்டு கொடிகளுக்கு அடியில்,
கார் ஒரு இணைப்பைத் தாண்டித் தடக்கென்று குதிக்கும்.
அதற்கப்புறம் நான்
கணக்கு நன்றாக வரும் ஒரு பெண்.

ஹாம்ட்ராம்க்கில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடம்.
உத்தரங்களைக் கணக்கிட்டது நான்.
கையெழுத்து கொவால்சிக்குடையது.
நல்லவன். வரி வரியாகச் சரிபார்த்துவிட்டு
"ஷமீரான், முத்திரை குத்த எனக்கே கூச்சமாக இருக்கிறது,
நீயே விண்ணப்பம் போடேன்" என்றான்.

ஐம்பத்தொரு வயதில் எட்டு மணி நேரத் தேர்வு.
வாசலில் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார்கள்.
முன்னால் நின்ற பையன்
"நீங்கள்தான் கண்காணிப்பாளரா?" என்றான்.
"இல்லை, உன் பக்கத்து நாற்காலி."

தேர்வு கஷ்டமில்லை.
கஷ்டம் படிவத்தின் பதினொன்றாம் கேள்வி:
நீங்கள் பொறுப்பேற்ற கட்டுமானம் ஏதேனும்
இடிந்து விழுந்ததுண்டா?
ஆம். இல்லை.
இரண்டு சின்னக் கட்டங்கள்.

மோசூலுக்கு வெளியே ஒரு கால்வாய்.
அதன்மேல் இருபத்திரண்டு மீட்டர், நடுவில் தூண் இல்லை.
எனக்கு அப்போது இருபத்தாறு.
சோதனை நாளில் ஜல்லி ஏற்றிய நான்கு லாரிகளை
அதன் முதுகில் நிறுத்தச் சொல்லிவிட்டு
அடியில் போய் நின்றுகொண்டேன்.
மேலேயிருந்து தலைமைப் பொறியாளர் கத்தினார்.
தொய்வு ஒன்பது மில்லிமீட்டர்.
நான் கணக்கிட்டது பத்து.

பதினெட்டு வருடம் நின்றது.
தக்காளி வண்டிகள், ஆட்டு மந்தைகள், பிறகு டாங்குகள்.
டாங்குகளை நான் எண்ணியிருக்கவில்லை,
அவற்றையும் தாங்கியது.
அப்புறம் வானத்திலிருந்து வந்தது.
யார் போட்டது என்று என் அண்ணனும் மைத்துனனும்
சாப்பாட்டு மேசையில் இன்னமும் சண்டை.

"இல்லைன்னு போடு, அதெல்லாம் கணக்கில் சேராது"
என்றான் கொவால்சிக்.
எது கணக்கில் சேரும் எது சேராது என்று
சொல்வதுதானே என் தொழில்?

'ஆம்' குறித்தேன்.
விளக்கத்துக்கு நான்கு கோடு விட்டிருந்தார்கள்.
காற்று, வெள்ளம், வாகனம், எல்லாம் தாங்கியது.
விழுந்த சுமை வடிவமைப்பில் இல்லை.
எந்த நாட்டு விதிநூலிலும் இல்லை.
நான்காவது கோடு சும்மா கிடந்தது.
சோதனைத் தொய்வு ஒன்பது மில்லிமீட்டர் என்று நிரப்பினேன்.

ஏழாவது வாரம் லான்சிங்கிலிருந்து ஒரு பெண் குரல்.
"பதினொன்றைப் பற்றித்தான்."
பேனாவை மூடினேன். திறந்தேன்.
"இங்கே மில்லிமீட்டர் என்று இருக்கிறது.
எங்களுக்கு அங்குலத்தில் வேண்டும்."

ஒன்பதை இருபத்தைந்து புள்ளி நான்கால் வகுத்தேன்.
"புள்ளி மூன்று ஐந்து நான்கு."
விசைகள் தட்டும் சத்தம்.
"மூன்று, ஐந்து, நான்கு," என்று திருப்பிச் சொன்னாள்,
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்," என்றேன்,
"அதற்குமேல் அது வளையவில்லை."