எழுநூறு மில்லி

எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.
"குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தா" என்றால்
திருநெல்வேலிக்காரர் சிரிப்பார்.
எனக்கு இப்போது ஒரு நாளைக்கு
எழுநூறு மில்லி வெள்ளம்.

காலையில் கில்டா அளந்து
பழைய சர்பத் குப்பியில் ஊற்றி வைப்பாள்.
சாயா இதில்தான். மாத்திரை இதில்தான்.
கஞ்சித் தெளிவும் கணக்கில் சேரும்.
குப்பியின் மேல் மார்க்கரில் நான்கு கோடுகள்.
கோட்டுக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று
நான்தான் பொருத்தனை செய்தேன்,
ஐ.சி.யூவில், பயத்தில்.
பயத்தில் சொன்னதை
பயம் தெளிந்த பிறகும் செய்யவேண்டியிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம்
திக்கணங்கோட்டில் பைப்பு திறந்துவிட்டவன் நான்.
வால்வுச் சாவி உள்ளங்கையில் காய்ப்பாகக் கிடக்கிறது.
மேட்டுத்தெருவுக்கு ஐந்தரை,
பள்ளிக்கூட முக்குக்கு ஏழு.
பத்து நிமிஷம் பிந்தினால்
குடங்கள் வரிசையாக நின்று
என் அப்பன் பெயரை இழுக்கும்.
நேரத்துக்கு வந்த நாளில் யாரும் எதுவும் சொன்னதில்லை.
நானும் எதிர்பார்த்ததில்லை.
வருகிற வெள்ளத்துக்கு
யார் நன்றி சொல்வார்?

செவ்வாய், வியாழன், சனி
ஆசாரிப்பள்ளம்.
நான்கு மணி நேரம்
இரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்.
பக்கத்துக் கட்டிலில் இனயத்து ஏரோணிமூஸ்.
ஆழ்கடலுக்குப் போனவர்.
"சுத்திலும் வெள்ளம், குடிக்க ஒரு கேன்.
எனக்கு இது பழக்கந்தான் ஓய்."

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஓட்டிலிருந்து மழை கொட்டியது.
கில்டா தூங்கியபின் முற்றத்தில் இறங்கி
வாயைத் திறந்து நின்றேன்.
குடித்தேன்.
மாடு குடிப்பதுபோலக் குடித்தேன்.
மறுநாள் எடை மெஷின் காட்டிக்கொடுத்தது.
"அண்ணாச்சி, கள்ளக்குடியா?" என்றான் டெக்னீஷியன் ஜெபின்.
ஏரோணிமூஸ் சிரித்துச் சிரித்து
அவருடைய மெஷின் அலாரம் அடித்தது.

ஆடி பிறந்தபோது
அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

மறுநாள் காலை
முதல் கோட்டில் வாய் வரவில்லை.
எதற்கு ஸ்தோத்திரம்?
அவர் போய் நான் இருப்பதற்கா?
அதைச் சொன்னால் நன்றியா, திருட்டா?
சும்மா குடித்தேன்.
வெள்ளம் வெள்ளமாகத்தான் இறங்கியது,
தண்டனை ஒன்றும் இல்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு, சாட்சி நேரம்.
சுகமானவர்கள் எழுந்தார்கள்.
விசா வந்தவர்கள் எழுந்தார்கள்.
கிரியாட்டினின் இறங்காதவன்
பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சிலுவையில் கிடந்தவரும் கடைசியில்
தாகம் என்றார்.
கிடைத்தது காடி.
அவர் என்னைப் பார்த்து
தைரியமாயிரு என்று சொல்லவில்லை.
நாக்கு ஒட்டுகிறதா, எனக்கும் ஒட்டியது என்று
சொன்னதுபோல இருந்தது.
காணிக்கைக் கவரில்
காரணம் என்ற இடத்தில்
'முதல் கோடு' என்று எழுதி
இருபது ரூபாய் வைத்தேன்.
பொருளாளர் வாசித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொரு முறை வாசித்தார்.

இன்று ஐந்தரைக்கு
பைப்பு இருமியது, காற்றைத் துப்பியது,
பிறகு வெள்ளம்.
மேட்டுத்தெருவின் குடங்கள் ஒவ்வொன்றாக
அடிக்குரலில் தொடங்கி மேலே ஏறின.
குப்பியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அந்த ஒரு குடமும் எனக்கில்லை.
முதல் கோடு தானாக வாயில் வந்தது.

சட்டையைப் போட்டுக்கொண்டு
வால்வுக் குழிவரை நடந்தேன்.
புதுப் பையன் அபிஷா
குனிந்து திருகிக்கொண்டிருந்தான்.
"நன்றி மக்கா" என்றேன்.

அவன் பதறி எழுந்தான்.
"என்ன அண்ணாச்சி,
கலங்கலா வருதா?"