தொண்ணூற்றாறு

கையில் ஒரு மரக்குச்சி, நுனியில் இறப்பர் குமிழ்.
டின்னின் தலையில் ஒரு தட்டு.
'ணிங்' என்றால் போகலாம்.
'தொப்' என்றால் நிற்கட்டும்.
ஒரு மணித்தியாலத்துக்கு எழுநூறு தலைகள்.
பண்டாரவளையில் பழத்தைக்
காதால் பார்க்கிறவர்கள் இரண்டே பேர்,
நானும் தவமலரும்.

லேபலில் பச்சை இலை.
சேதனப் பேரிக்காய், சீனி சேர்க்காதது,
வெலிமடை சுபசிங்கவின் தோட்டம்.
அறுவடைக்கு முன் அங்கே போயிருந்தேன்.
மேட்டில் அடுத்தவனின் உருளைக்கிழங்குப் பாத்தி.
முதுகில் டாங்கியோடு ஒருவன்
மருந்தடித்துக்கொண்டு நின்றான்.
இடையில் காட்டுச் சூரியகாந்தி, ஆறடி அகலம்.
சான்றிதழில் சுபசிங்க கையெழுத்து வைத்திருக்கிறார்,
கம்பனி வைத்திருக்கிறது,
காற்று வைக்கவில்லை.
ஓரத்து மூன்று வரிசைக் காய்களைச்
சாதாரணக் கூடையில் போடச் சொன்னேன்.
அதற்குப் பிறகு மனுசன் போனை எடுப்பதில்லை.

ஆனாலும் என் தூக்கத்தைக் கெடுப்பது மருந்தல்ல.
மருந்து படாத நல்ல மண்ணிலும்,
மண்புழு நெளிகிற மண்ணிலும்
மூச்சு வேண்டாத ஒன்று படுத்திருக்கிறது.
காற்றை எடுத்துவிட்டு மூடினால்
அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.
மணத்தில் தெரியாது, நிறத்தில் தெரியாது.
புளிப்பு ஒன்றுக்குத்தான் அது பயப்படும்.
நாலு புள்ளி ஆறுக்குக் கீழே இருக்கவேண்டும்;
இந்த முறைப் பழம் நாலு புள்ளி நாலு.
அந்த இடைவெளியில்தான் என் சம்பளம்.

ஐப்பசியில் புது மேலாளர் வந்தார், வத்தளைக்காரர்,
டெரன்ஸ் ஜயலத். நல்ல மனுசன்.
வந்ததும் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார்:
கொதிநீரில் இருபது நிமிடம்.
நாங்கள் இருபத்தாறு விடுவோம்.
"ஆறு நிமிடத்துக்கு எவ்வளவு விறகு?
பழமும் குழைகிறதே" என்றார்.
அது உண்மை. குழைகிறதுதான்.

நான் லீவில் நின்ற இரண்டு நாளில்
அந்தக் கணக்கில் அவிந்தவை
இரண்டாயிரத்து நானூறு டின்.
தட்டினேன். எல்லாம் 'ணிங்'.
தவமலர் தட்டினாள். 'ணிங்'.
லொறி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.
சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.

காரணம் கேட்டார்.
வாயால் சொன்னால் சண்டையாகும்.
ஆய்வறைக் கேத்தலில் தண்ணீர் வைத்து
வெப்பமானியை அவர் கையிலேயே கொடுத்தேன்.
குமிழி வந்தது, பொங்கியது, மூடி ஆடியது.
தொண்ணூற்றாறு.
வேறு வெப்பமானி கேட்டார்.
தொண்ணூற்றாறு.
"எவ்வளவு நெருப்பு வைத்தாலும்
இந்த ஊர்த் தண்ணீர் இதற்கு மேல் ஏறாது சேர்.
வத்தளைக் கொதி வேறு, எங்கள் கொதி வேறு."

ஒன்றும் சொல்லவில்லை.
அந்தத் தண்ணீரிலேயே
ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தார்.
லொறி வெறுமையாய் எல்ல பக்கம் இறங்கிப் போனது.

பதினாலு நாள் சூட்டறை.
காலையில் குச்சியோடு போவேன்.
பன்னிரண்டாம் நாள், பின்வரிசையில், நாலு டின்
தலை தூக்கியிருந்தன.
அழுத்தினால் இறங்கின, விட்டால் எழும்பின.
கொழும்பில் அடைத்த டின் மலையேறினால்
இப்படிக் கொஞ்சம் உப்பும், அது நோயல்ல.
இவை இங்கேயே அடைத்தவை.

மற்றவை மட்டமாய் இருந்தன.
நாலு என்று சொல்வதா, நாலே நாலு என்று சொல்வதா
என்பதில் ஒரு பகல் கழிந்தது.

குழி வெட்டினோம். சுண்ணாம்பு தூவினோம்.
நடுவில் ஒன்றைத் திறந்தேன், 'ணிங்' சொன்ன ஒன்றை.
வெள்ளை வெளேரென்று பாதிப் பாதியாய்ப் பழம்,
அப்படியொரு மணம்.
தவமலர் எச்சில் விழுங்கியது கேட்டது.
கவிழ்த்துவிட்டேன்.

சுவரில் அட்டவணை அப்படியே இருக்கிறது.
இருபதை நீலப் பேனாவால் வெட்டி
இருபத்தாறு என்று எழுதியிருக்கிறார்,
பக்கத்தில் சின்னதாய்த் தேதியும் கையெழுத்தும்.
பழம் இன்னும் கொஞ்சம் குழைகிறதுதான்.