நாற்பத்தொன்று

ஃபுக்லோய் தீவில் படகைக் கட்டுவதில்லை.
அலை தூக்கிக் கொடுக்கும் நொடியில்
கரைக்குத் தாவ வேண்டும்.
யோசித்தவர்கள் அதே படகில்
திரும்பிப் போயிருக்கிறார்கள்.

தாவி வந்தவர்களின் கால்களைத்தான்
முதலில் பார்ப்பாள் சுன்வோர்.
கான்வாஸ் ஷூ, தோல் செருப்பு,
ஒருமுறை கல்யாணத்துக்குப் போடுகிற மாதிரி
வெள்ளைக் குதிகால்.
ஒன்றும் சொல்லமாட்டாள்.
கொட்டகைக் கதவைத் திறப்பாள்.
முப்பத்தாறிலிருந்து நாற்பத்தேழு வரை
ரப்பர் பூட்ஸ், சுவரோரம், வாய் பிளந்து.
வாடகை கிடையாது.
கழுவாமல் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

என்ன பார்க்கலாம் என்று கேட்டால்
கையை நீட்டுவாள்:
அதோ, அங்கே மலை சட்டென்று முடிந்துபோகும்.
நீங்கள் கொஞ்சம் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.
இந்தப் பக்கம் அருவி.
மேல்காற்று அடிக்கிற நாளில் அது
கீழே விழாது, மேலே போகும்.
பறவைகளுக்கு நேரம் காலம் உண்டு.
மூடுபனிக்குக் கிடையாது.

சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து
ஒவ்வொரு பூட்ஸாகக் கவிழ்த்துப் பார்ப்பாள்.
கரிக்கறுப்புச் சேறு: சதுப்பு வரை போயிருக்கிறான்,
முழங்காலளவு இறங்கி ஏறியிருக்கிறான்.
வெள்ளைத் தெறிப்பு: பஃபின் வளைகளின் பக்கத்தில்
வெகுநேரம் அசையாமல் படுத்திருக்கிறாள்.
குதிகாலில் ஆட்டுப் புழுக்கை:
பனியில் வழி தவறி
ஆடுகளின் பின்னால் ஊர் வந்து சேர்ந்தவர், பாவம்.
பாறைக்கும் பாறைக்கும் நடுவே
பழைய எரிமலைச் சாம்பல் ஒரு சிவப்புக் கோடாக ஓடுகிறதே,
அந்தச் சிவப்பு ஒரு நகக்கண் அளவு ஒட்டியிருந்தால்
அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராது.
அவ்வளவு கிட்டேயா போனாய்?

"நீ மேலே போய் எத்தனை வருஷம் ஆகிறது?"
பக்கத்து வீட்டு அய்ஃபின் கேட்டார்.
"தினமும்தான் போகிறேன்" என்றாள்.

லியோனில்டே போர்ச்சுகலிலிருந்து வந்திருந்தாள்.
நாற்பத்தொன்று.
கடல் திடீரென்று மனம் மாறிய மத்தியானம்,
படகுக்காரன் ஹாரனை நிறுத்தவேயில்லை.
சரிவில் ஓடிவந்து அப்படியே தாவினாள்.
அவளுடைய மஞ்சள் ஷூ கொட்டகையில் நின்றது.
சுன்வோரின் பூட்ஸ் கடலில் சிறுத்துக்கொண்டே போனது.

பதினோரு மாதம்.
ஹெலிகாப்டர் தபாலில் ஒரு பெட்டி.
கடிதம் இல்லை.
கழுவவும் இல்லை.

விளக்கடியில் கவிழ்த்தாள்.
சதுப்பு தெரிந்தது, பழசாகி வெடித்திருந்தது.
அதற்கு மேலே வேறு ஒன்று:
இளமஞ்சள் நிறத்தில், விரலில் மாவாக உதிர்கிற
ஒரு மண்.
வரித்தடத்துக்குள் காய்ந்த இலையின் கிழிசல்.
முகர்ந்தாள். வெயிலின் வாசனை என்று நினைத்தாள்,
பிறகு அப்படி ஒரு வாசனை உண்டா என்று சந்தேகப்பட்டாள்.
இது ஏற்றமா, இறக்கமா?
ஓடினாளா, நின்றாளா?
எதன் விளிம்பு இது?
இருபது வருஷமாகச் சேறு படித்தவளுக்கு
ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

மஞ்சள் ஷூவை அனுப்பிவைத்தாள்.
போடுமுன் அதை மாட்டிக்கொண்டு
வாசல் சேற்றில் நாலடி நடந்தாள்.
கொஞ்சம் கடித்தது.

நேற்று ஒரு பையன் தாவி வந்தான்.
ஈரக் காலோடு வரிசையைப் பார்த்து
"நாற்பத்தொன்று" என்று சுட்டிக் காட்டினான்.
பூட்ஸ் கண்ணெதிரில்தான் இருந்தது.

"அது வெளியூர் போயிருக்கிறது" என்று சொல்லி
நாற்பத்திரண்டையும்
ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையையும்
எடுத்துக் கொடுத்தாள்.