ஏழரை

கணக்கு தொண்ணூற்றாறு.
இயற்பியலில் பாதி நாற்பத்தைந்தரை,
வேதியியலில் பாதி நாற்பத்தாறு.
கூட்டினால் நூற்று எண்பத்தேழரை.
நாலு தடவை கூட்டிவிட்டேன்,
ஒரு அரைகூடக்
கூட வரவில்லை.

திருச்செங்கோட்டில் மே மாத ராத்திரி.
கரண்ட் போனதும்
எதிர்ப் பட்டறையில் வெல்டிங் நின்று
தெரு சட்டென்று கறுத்தது.
போன் வெளிச்சத்தில்
காலண்டர் தாளின் முதுகில்
போன வருஷக் கட்-ஆஃப்களை எழுதுகிறேன்.
கிண்டி. கோவையில் இரண்டு. சேலத்தில் ஒன்று.
ஈரோட்டுப் பக்கம், தினமும் பஸ்ஸில்
போய்வரக்கூடியதாக ஒன்று;
அதை மட்டும் சின்ன எழுத்தில்.

அரசுப் பள்ளிக்கு ஏழரை சதவீதம் உண்டு.
அதில் நான் இல்லை.
ஆறாம் வகுப்பு ஒரே ஒரு வருஷம்
வேன் வந்து கூட்டிப்போன பள்ளியில் படித்தேன்.
அந்த வருஷம் ராய்ப்பூரில் ரிக்குக்கு நல்ல ஓட்டம்.
அப்பா எனக்குச் சிவப்பு டை வாங்கித் தந்தார்.
அடுத்த வருஷம் ஓட்டமும் இல்லை, டையும் இல்லை.
ஆனாலும் அந்த ஒரு வருஷத்தை
எந்த விண்ணப்பத்திலும் அழிக்க முடியாது.
கட்-ஆஃபில் ஏழரை, கைவிட்டதும் ஏழரை.
சனீஸ்வரனுக்கு
இந்த வீட்டில் தனி அறையே கொடுத்துவிடலாம்.

ஒன்பது மணிக்கு அப்பா கூப்பிட்டார்.
கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்தினார்:
"ஏன் நித்திலா, கிண்டிக்கு எத்தன கொறையுது?"
"ஒம்போதரைங்ப்பா."
"ஒம்போதரையா? அரை ராடுகூட இல்லையே கண்ணு!"
இருபதடி ராடில்
வாழ்க்கையை அளப்பவர் அவர்.
நான் அவர் கணக்கிலேயே சொன்னேன்:
முன்னூறு அடி வரைக்கும் ஒரு ரேட்டு,
அதுக்கும் கீழே நூறுக்கு நூறு ஏறுமல்லங்ப்பா,
அதாட்டத்தான்.
நூத்தித் தொண்ணூறுக்கு மேல
ஒவ்வொரு அரைக்கும் கேக்குற வெல
நம்ம தெருவுல யாருகிட்டயும் இல்லீங்.
கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் பேசியது.
"அப்பப் பாறைன்னு சொல்லு."
"ஆமாங்ப்பா."
"சரி, சாப்புட்டியா?"

ஹசீனாவுக்கும் நூற்று எண்பத்தேழரை.
அவளுக்கும் கணக்கு தொண்ணூற்றாறு.
ஒவ்வொரு பாடமும் அப்படியே,
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
ஒரே ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதியதைப்போல.
(பாதி அப்படித்தான்.)
அவளுக்குத் தனி வரிசை ஒன்று உண்டு,
எனக்கு வேறொன்று.
பொதுவரிசையில் மட்டும்
இருவரும் ஒரே அரையில் நிற்போம்.
எல்லாம் சமமென்றால்
முன்னால் பிறந்தவருக்கு முன்னிடமாம்.
அவள் பதினோரு நாள் மூத்தவள்.

"நான் எப்பப் பொறக்கோணும்னு டாக்டர் சொன்னாங்க?"
அம்மா கொசுவத்தியைப் பற்றவைத்தபடி சொன்னாள்,
"தேதி போயிப் பன்னெண்டு நாளு.
வந்தாத்தானே? நல்லாப் படுத்துன."

பன்னிரண்டு கழித்தல் பதினொன்று.
சொன்ன தேதிக்கு வந்திருந்தால்
ஹசீனாவுக்கு ஒரு நாள் முன்னால் நான்.
கணக்கு முடிந்ததும்
முகத்தைக் கழுவிக்கொள்ளத் தோன்றியது.
அவள் அம்மா தந்த நோன்புக் கஞ்சியை
மூன்று வருஷம் குடித்த வாய்
மனசுக்குள் தேதி எண்ணுகிறது.

தாளைத் திருப்பினேன்.
முன்பக்கம் ராசிபலன்,
என் ராசிக்கு ஒரே சொல்: அலைச்சல்.
நம்புகிறவள் இல்லை நான்.
பன்னிரண்டு நாள் முந்தியிருந்தால்
என்ன ராசி, அதற்கு என்ன சொல் என்று
பார்க்காமலும் இல்லை.

மறுபடி முதுகுப்பக்கம்.
முதல் வரியில் கிண்டியை அடித்தேன்.
அடித்ததற்கு மேலேயே
இன்னொரு முறை கிண்டி என்று எழுதினேன்.
பட்டியலில் ஆழத்துக்குக் காசு கேட்பதில்லை.
எத்தனை அடி வேண்டுமானாலும்
போட்டுப் பார்க்கலாம்.

கரண்ட் வந்தது.
பட்டறையில் நீலப் பொறி தெறித்து
ஜன்னல் கம்பிகள் சுவரில் வந்து வந்து போயின.
போனும் ஒளிர்ந்தது, ஹசீனா:
"தூங்கிட்டியா?"
அவளும் கூட்டிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

"தூங்கிட்டேன்" என்று
பதில் போட்டேன்.