மாற்று 3.6

ஹெதர் ஒரு தலையணை உறையை வேலிமேல் போட்டுவிட்டுப் போனாள்.
உள்ளே தலையணை இல்லை.
கோழிக்கூண்டின் கூரையில் அவள் ஏற்றிவிட்ட கொடியின் பூ,
காய்ந்த ஹாப்ஸ்.
கசக்கினால் விரலில் மஞ்சள் பொடி,
ஈரப்புல்லோடு எலுமிச்சைத் தோல் சேர்ந்த வாசம்.
மார்ச் மாதத்தில் நியூ நார்ஃபோக்கில்
யாரோடு கைகுலுக்கினாலும் கொஞ்சம் பிசுபிசுக்கும்.

அவள் மகன் டேரனுக்கு ஹாப்ஸ் பண்ணை ஆய்வகத்தில் வேலை.
ஒரு பிடி எடுத்துப்போய்ச் சோதித்து
பெட்ரோல் ரசீதின் முதுகில் எழுதித் தந்தான்:
ஆல்ஃபா அமிலம் 3.6.
அவ்வளவுதானா, என்றேன்.
பிப்ரவரி வெயில், என்றான்,
தன் வீட்டுப் பிள்ளை கணக்கில் தோற்றதுபோல.

செய்முறைத் தாள் கேட்பது பன்னிரண்டு.

இன்னாசி ஹோபார்ட்டில் நகைக்கடைத் தராசுக்குப் பின்னால் நிற்பவன்.
"மாத்துக் குறைஞ்ச தங்கம். எடையைக் கூட்டு, சரியாப் போயிரும்."
இருபத்தைந்து கிராமைப் பன்னிரண்டால் பெருக்கினோம், முந்நூறு.
முந்நூறை மூன்று புள்ளி ஆறால் வகுத்தோம்.
எண்பத்து மூன்று, கொஞ்சம் சொச்சம்.
விடை சரி.
இரண்டு தடவை பார்த்தோம், சரிதான்.

ஆனால் எண்பத்து மூன்று கிராம் பூ என்பது
எடை இல்லை, இடம்.
சட்டி வாய் முழுக்கப் பச்சை மெத்தை,
கரண்டி உள்ளே போனால் திரும்பி வர யோசித்தது.
வடிகட்டும்போது ஒரு லிட்டருக்கும் மேல்
இலையே குடித்துவிட்டது, எங்களுக்கு முன்னால்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தோம்.
கசப்பு வந்திருந்தது, குறை சொல்ல முடியாது.
கூடவே ஒரு கட்டு புல்லும், வேகவைத்தபடி.
இன்னாசி இரண்டாவது வாயும் குடித்துப் பார்த்துவிட்டு,
"மாடாப் பொறந்திருந்தா ரசிச்சிருப்பேன்" என்றான்.

மறுநாள் அவனே வாங்கி வந்தான்
விரல் நீளப் பொட்டலம் ஒன்று. மாற்று 13.
"இதுல ஒரு சிட்டிகை கசப்புக்கு. உன் பூவை வாசத்துக்கு வச்சுக்க."
யோசனை நல்ல யோசனைதான்.
ஏனோ எனக்குக் கோபம் வந்தது.

காலைப் பேருந்தை நான்தான் ஓட்டுகிறேன்.
கிரான்டன் பக்கம் ஆறு அகலும் இடத்தில்
கறுப்பு அன்னங்கள், நாற்பது ஐம்பது.
பாலையும் நீரையும் பிரித்துக் காட்டச் சொல்லி
இங்கே யாரும் அவற்றைக் கேட்பதில்லை.
சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் உறைத்தது:
பாகற்காய்க் குழம்புக்கு வெல்லம் போடுகிறவளே,
வெல்லத்தைக் குறைத்தால்
காய் தானே நிமிர்ந்துகொள்ளாதா?
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

மால்ட், ஐந்து கிலோ இருந்ததை மூன்றரை ஆக்கினேன்.
பூ ஐம்பத்தைந்து கிராம், துணிப்பையில், மணிநேரக் கொதிக்கு.
அடுப்பை அணைத்தபின் ஒரு கைப்பிடி, எடை போடாமல்.
இன்னாசி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
"அப்ப இது அந்த பீர் இல்லையே."
இல்லைதான்.
தாளில் பழைய பெயரை அடித்தேன்.
புதிதாக ஒன்றும் எழுதவில்லை.

மெலிந்த பீர். வைக்கோல் நிறம்.
முதல் மடக்கில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்து
விழுங்கியபின் நாக்கின் கடைசியில்
மெல்லக் கைத்தது.
ஹெதர் நின்றபடியே இரண்டு கோப்பை குடித்தாள்,
கருத்து எதுவும் சொல்லவில்லை,
கோழிகளை அடைக்கப் போய்விட்டாள்.

உறையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
மூன்று முறை துவைத்தும் வாசம் போகவில்லை.
அதைத்தான் தலைக்கு வைத்துக்கொள்கிறாளாம்,
டேரன் சொன்னான்.

பதின்மூன்று இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது,
பட்டாணிக்குப் பின்னால், பிரிக்காமல்.
இன்னாசி எப்போதாவது அதை எடுத்து
உள்ளங்கையில் வைத்து
எடை பார்க்கிறான்.