நாற்பதும் ஒன்றும்

நாகலூரில் பூனை கவ்விப் போட்ட பச்சோந்தி.
முன்கால் ஆறும்வரை
திரைச்சீலைக் கம்பியில் இருக்கட்டும் என்று விட்டேன்.
வெட்டுக்கிளிக்கு ஒண்டிக்கடை வரை அலைந்தேன்.

சிவப்புத் துணி, மஞ்சள் துணி,
பெனடிக்டாவின் கிளிப்பச்சைத் துப்பட்டா,
எதை விரித்துப் படமெடுத்தாலும்
கரிக்கோடு ஓடிய அதே முகம்.
ஒரு கண் லென்ஸில்,
மறுகண் ஜன்னலுக்கு வெளியே
சில்வர் ஓக்கில் ஏறும் மிளகில்.
நாற்பது படம்.
நிறம் மாறும் என்று ஊரெல்லாம் திட்டுகிற பிராணி
எனக்கு மட்டும் மாற மறுத்தது.

பேங்க் வேலையாய் நான் சேலம் இறங்கிய அன்று
பெனடிக்டா தன் போனில் ஒன்று எடுத்திருந்தாள்:
வாழைக்குருத்துப் பச்சை.
“என்ன செஞ்சே?”
“ஒண்ணுமில்ல. மொச்சை உரிச்சுட்டிருந்தேன்.”

நாற்பதிலும் இருந்தது
நான் உள்ளே வந்த நிறம்.

கால் ஆறி நாலு நாளாகிறது.
ஜன்னலை இன்னும் திறக்கவில்லை.