ஒன்றரைச் சுற்று

ஈயச் சீலை உடைத்து
பம்ப் ஸ்குருவை ஒன்றரைச் சுற்று
திருகிவிட்டார் குடியாத்தம் நியாமத்துல்லா.
"கருப்பா போறது வேகாத சோறு,
அப்புறம் என்னைக் கேக்காத."

பேரணாம்பட்டு மலையில்
ரெண்டாவது கியரில் முனகும் கொண்டை ஊசியை
மூணில் விழுங்கியது வண்டி.
விசிலடித்தேன்.
கண்ணாடியில் மலையே இல்லை.
புகைக்குள் போன மொபெட் ஒன்று
அடுத்த வளைவு வரைக்கும்
வெளியே வரவில்லை.
ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன்.
எடுத்தும் வரவில்லை.

பத்தலப்பல்லி டீக்கடையில்
பக்கத்தில் வந்து நின்றான்.
கூலிங்கிளாஸ் கழற்றிய இடம் மட்டும்
தோல் நிறம்.
திட்டப்போகிறான் என்று
தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எத்தினி டன்னு?"
"பன்னெண்டு. பில்லுல ஒம்பது."

இருமினான்.
காறித் துப்பினான், மை.
வண்டியை ஒருமுறை சுற்றி வந்து,

"எந்த மெக்கானிக்கு?"